இரண்டாவது சங்கு

மத்தியான ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதும்போது இப்போதும் என் கை போனைத் தேடுகிறது. யாரும் கூப்பிடப் போவதில்லை. நானும் யாரையும் கூப்பிடுவதற்கில்லை. ஆனாலும் கை தேடுகிறது, தூக்கத்தில் போர்வையைத் தேடுவது போல. இந்தப் பழக்கத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனவள் கீழ்வீட்டு அக்கா.

கீழ்வீடு என்றால், நெய்வேலி டவுன்ஷிப்பில் என் குவார்ட்டர்ஸுக்கு நேர் கீழே. என் சமையலறைக் குழாய் ஒழுகினால் அவள் சமையலறைச் சுவர் ஈரமாகும். அப்படித்தான் எங்கள் உறவு ஆரம்பித்தது. நான் அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவன். மனைவிக்குத் திருநெல்வேலியில் வேலை. மகள் அம்மாவோடு. அக்காவின் கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் பெங்களூரில். மாடியில் ஒரு தனிமை, கீழே ஒரு தனிமை, நடுவில் ஒரு கான்கிரீட் தளம். அவள் மிக்ஸி ஓடினால் என் தரை நடுங்கும். அது நின்றதும் இரண்டு வீடுகளும் சேர்ந்து அமைதியாகும்.

டவுன்ஷிப்பின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, அது மூடிய பிறகு வேறொரு ஆபீசில் ஒப்புக்கு உட்கார்ந்து, ஓய்வு பெற்றவள். பேசுகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள். தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்து, தரையைப் பார்ப்பாள். முதலில் எனக்கு அது அலட்சியமாகப் பட்டது. பிறகுதான் தெரிந்தது, என் பேச்சை மட்டுமல்ல, நான் விடுகிற மூச்சையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று.

"மூஞ்சி நடிக்கும் தம்பி. குரலும் நடிக்கும். பின்னாடி கேக்குற சத்தம் நடிக்காது."

இதுதான் அவள் வேதம். ஒற்றை வரி வேதம்.

எங்கள் ஊரில் யாருக்கும் வீடு சொந்தமில்லை. ரிட்டையர் ஆனால் சில மாதங்களில் காலி செய்ய வேண்டும்; அக்காவைப் போலக் கூடுதல் வாடகை கட்டி நீட்டித்தாலும் சில வருஷங்கள்தான். டிரான்ஸ்ஃபர் வந்தாலும் அப்படித்தான். எந்தத் தெருவிலும் எப்போதும் யாரோ ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்பார். கிளம்புகிறவர்கள் கட்டிலை, பிரிட்ஜை, கிரைண்டரை விற்றுவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் கேன்டீன் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். இப்போது போனில் போட்டோ. எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. அதே ஜன்னல், அதே சிமென்ட் அலமாரி, வாசலில் அதே பலாமரம். போட்டோவில் அந்த ஜன்னலைப் பார்த்ததும் எங்களுக்கு நெஞ்சு இளகிவிடும். நம்ம ஜன்னல். அப்போ நம்ம ஆளுதான். இந்த இளக்கத்தை எங்கேயோ உட்கார்ந்திருக்கிற எவனோ மோப்பம் பிடித்துவிட்டான். ஊர் மாற்றலாகிப் போகும் ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுச் சாமான்களைப் பாதி விலைக்குத் தருவதாக விளம்பரங்கள் வர ஆரம்பித்தன.

அப்படி ஒருவனிடம் நானும் ஒரு கட்டில் வாங்கப் பார்த்தேன். லீவுக்கு மகள் வருவதாக இருந்தது. தேக்குக் கட்டில், மெத்தையோடு. பாதுகாப்புப் படை யூனிஃபார்ம் போட்ட போட்டோ அனுப்பினான். அடையாள அட்டை அனுப்பினான். பிளாக் நம்பர் சொன்னான். நேரில் வருகிறேன் என்றதற்கு, டியூட்டியில் இருப்பதாகவும், படைக் குடியிருப்புக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள் என்றும், லாரியில் வீட்டுக்கே வந்து சேரும் என்றும் சொன்னான். லாரி வாடகையை மட்டும் முன்கூட்டிப் போட வேண்டுமாம். இன்றைக்கே. இல்லையென்றால் வேறொருவர் காத்திருக்கிறாராம்.

மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். கீழே கதவு திறந்தது.

"யார்கிட்ட தம்பி இவ்ளோ மரியாதயா பேசிக்கினு இருக்க?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன். "கட்டில்க்கா. அட்வான்ஸ் கேக்குறாரு."

"எந்தக் கட்டில்? உக்காந்து பாத்தியா?"

"போட்டோல பாத்தேன்."

"போட்டோலயே படுத்துக்க." கையை நீட்டினாள். "குடு இங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு, முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முறத்தில் துவரம்பருப்பு. பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். என் கூடப்பிறந்த அக்கா என்று அவனிடம் சொன்னாள். மெத்தை என்ன கலர் என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் டிராயர் உண்டா என்றாள். உங்க வீட்டம்மாவுக்கு எந்த ஊர் என்றாள். அவன் எரிச்சலோடும் பணிவோடும் பதில் சொன்னான். இவள் ஏன் இழுத்துக்கொண்டே போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது சங்கு ஊதியது.

மத்தியான ஷிஃப்ட் சங்கு. சுரங்கத்துப் பக்கமிருந்து கிளம்பி, மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, டவுன்ஷிப் முழுக்கப் பரவும் சங்கு. அக்கா கையை உயர்த்தி என்னைப் பேசாதே என்றாள். தலை இடது பக்கம் சாய்ந்தது. வெளியே சங்கு ஊதிக்கொண்டிருந்தது. போனுக்குள்ளே ஒரு சேவல் கூவியது. யாரோ பாத்திரம் தேய்த்தார்கள்.

அவ்வளவுதான். சங்கு இல்லை.

"ஒரு சங்குதான் கேக்குது," என்றாள் என்னிடம். "வெச்சுடு தம்பி."

வைத்தேன். கட்டில் போட்டோவில் என் வீட்டு ஜன்னலைப் போலவே இருந்த அந்த ஜன்னல் திரையில் அணைந்தது.

பிறகு இது எங்கள் பிளாக்கின் சடங்காகிவிட்டது. யாருக்கு எந்த விற்பனையாள் மேல் சந்தேகம் வந்தாலும், சங்குக்குச் சற்று முன்பாகப் போனும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவள் பேசுவாள். சங்கு வரும். விற்கிறவன் உண்மையாகவே டவுன்ஷிப்பில் இருந்தால் வெளியே ஒன்று, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனுக்குள்ளிருந்து மெலிதாக இன்னொன்று. இரண்டு சங்கு. அது கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கோ இருக்கிற ஒரு மனிதன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு அத்தனை பெரிய செய்தி.

அப்போதும் பணத்தை அனுப்ப விட மாட்டாள். "சங்கு ஆளத்தான் காட்டும், சாமான காட்டாது. நேர்ல போ. தொறந்து பாரு. ஓட்டிப் பாரு. அப்புறம் அங்கியே நின்னு காச அனுப்பு."

எதிர்வீட்டுக் கிரேன் ஆபரேட்டர் ஒருமுறை மூச்சிரைக்க ஓடி வந்தான். வாஷிங் மெஷினுக்கு அட்வான்ஸ் போட்டுவிட்டானாம். மெஷின் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன், நான் அனுப்புகிற கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து உன் பின் நம்பரைப் போடு என்கிறானாம் விற்றவன்.

"பணம் வர்றதுக்கு எதுக்குய்யா பின்னு? உண்டியல்ல காசு போடுறவன் சாவி கேப்பானா?"

"ஆபீசர்னு சொன்னாருக்கா..."

"ஆபீசரா இருந்தா மட்டும் சாவி குடுப்பியா? போன கீழ வை. மொதல்ல பேங்குக்கு சொல்லு, அப்புறம் போலீசுக்கு. உன் வெக்கத்த பொண்டாட்டிகிட்ட அப்புறம் சொல்லு."

"அவகிட்ட சொல்லாம இருக்க முடியாதாக்கா?"

"அவ பின்னாடிதான் நிக்கிறா."

நின்றுகொண்டுதான் இருந்தாள். வாசல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு கலைந்து எல்லோரும் போன பிறகு, அக்கா எல்லோருடைய டம்ளர்களையும் எடுத்து மெதுவாகக் கழுவுவாள். தேவைக்கும் அதிகமாகக் கழுவுவாள்.

அந்தக் காது வரம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் அந்த எண்ணமும் போயிற்று. அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மகன் கூப்பிட்டான். பழக்கதோஷம், ஸ்பீக்கரில் போட்டாள்.

"பஸ் ஏறிட்டேம்மா. வந்துக்கிட்டே இருக்கேன்."

அக்காவின் தலை சாய்ந்தது. நானும் கேட்டேன். பஸ் இல்லை, காற்று இல்லை, ஹாரன் இல்லை. ஒரு சீலிங் ஃபேன் மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"சரிப்பா. பாத்து வா," என்றாள்.

போனை வைத்தாள். உள்ளே போனாள். உலையில் போடுவதற்காக அளந்து வைத்திருந்த அரிசியில் பாதியை எடுத்துத் திரும்பவும் டின்னில் கொட்டினாள். அரிசி விழும் சத்தம் எனக்குக் கேட்டது. ராத்திரி அவன் மறுபடி கூப்பிட்டு, பஸ் பிரேக்டவுன் என்று சொன்னானாம். அதற்கும் சரிப்பா என்றாளாம்.

அரிசி டின்னை மூடிவிட்டு வெளியே வந்தபோது என்னிடம் சொன்னாள்: "நீ உன் வூட்டுக்காரம்மாகிட்ட பேசும்போது ஜன்னல் பக்கம் நின்னு பேசாத தம்பி. எனக்கு எல்லாம் கேட்டுடுது."

அன்று ராத்திரி மனைவியிடம் உள்ளறையில் நின்று பேசினேன்.

ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சுற்றிச் சுற்றித்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிரேன் ஆபரேட்டர் பட்டும் திருந்தாதவன். ஒரு நாள் ஒரு விளம்பரத்தைக் கொண்டு வந்து காட்டினான். மாற்றலாகிப் போகும் ஆபீசர், பழைய ஸ்கூட்டர், நல்ல கண்டிஷன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். காதால் வாழ்ந்தவள் ஒரு பொருளை அவ்வளவு நேரம் கண்ணால் பார்த்து நான் பார்த்ததில்லை.

"இது போலி. வாங்காத."

"சங்கே ஊதலியேக்கா?"

"வாணாம்னா வாணாம். அந்த விளம்பரத்த எனக்கு அனுப்பிட்டுப் போ."

மறுநாள் சங்குக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாள். அவளே அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"சார், இடது பக்கம் ஒரு போட்டோ அனுப்புறீங்களா? பின்பக்கம்? மீட்டர் கிட்டத்துல?"

ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சங்கு ஊதியது. போனுக்குள் சங்கு இல்லை. அதற்குப் பதிலாகப் பல குரல்கள், ஒரே நேரத்தில், ஒரே அறையில், யார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தன. ஹலோ சார், சொல்லுங்க மேடம், அட்வான்ஸ் மட்டும் போதும்.

"எங்க எக்ஸ்சேஞ்ச் மாதிரியே இருக்கு," என்றாள் என்னிடம், போனைப் பொத்திக்கொண்டு. கொஞ்சம் சிரித்தாள்.

"ஒரு சங்குதான்க்கா. வெச்சுடுங்க," என்றேன்.

வைக்கவில்லை.

"வேற போட்டோ இருக்கா சார்?"

"இன்னும் ரெண்டு இருக்கு மேடம். நெறைய பேர் கேக்குறாங்க. அட்வான்ஸ் போட்டீங்கன்னா உடனே அனுப்புறேன்."

"அக்கா," என்றேன்.

"தெரியும் தம்பி." போடுறேன் சார் என்று அவனிடம் சொல்லி அழைப்பை முடித்துவிட்டு, போனை என் பக்கம் திருப்பினாள். "இந்தச் செவுரப் பாரு. எல்லா வூட்டுக்கும் இதே செவுருதான். ஆனா இந்த ஆணி? தலை வளஞ்ச ஆணி. அவரு ஹெல்மெட் மாட்ட அடிச்சது."

நான் திரும்பிப் பார்த்தேன். வாசல் சுவரில் அந்த ஆணி இருந்தது. தலை வளைந்து, துருப்பிடித்து. அதில் இப்போது ஒரு துணிப்பை தொங்கியது.

"கண்ணு மங்கிப் போச்சுன்னு அவரு வண்டிய விக்கச் சொன்னாரு. நான்தான் இந்தப் போட்டோ எல்லாம் எடுத்துப் போன்ல விளம்பரம் போட்டேன். மறு வருஷம் அவரும் போயிட்டாரு. அந்தப் போனு வாளித் தண்ணியில வுழுந்துடுச்சு, போட்டோ எல்லாம் அதோட போச்சு. இவன் எங்கியோ கிடந்த என் விளம்பரத்த எடுத்து வெச்சிக்கினு விக்கிறான்." போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எடுக்கும்போது நவுருங்கன்னேன். நவுரல. சீட்டத் தொடச்சிக்கினே இருந்தாரு. ஒரு போட்டோல அவரு இருக்காரு தம்பி. மூஞ்சி விழுந்துச்சா, முதுகு விழுந்துச்சான்னு ஞாபகம் இல்ல."

கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த அவர் படத்தை எனக்குத் தெரியும். கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. லீவு கேட்டு நிற்பவரைப் போல இருப்பார். படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காத மனிதர் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

"போட்டாலும் அனுப்புவான்னு என்ன நிச்சயம்க்கா?"

"நிச்சயம் எதுவும் இல்ல."

பணம் அனுப்பும் திரையைத் திறந்தாள். விற்பவன் சொன்ன பெயர் ஒன்று. திரையில் வந்த பெயர் வேறு. அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினாள், எத்தனையோ பேருக்குச் சுட்டிக்காட்டிய அதே குரலில். பிறகு பின் நம்பரைப் போட்டாள். போனது பென்ஷனில் ஒரு நல்ல பங்கு.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. வெளியே ஷிஃப்ட் பஸ் போனது. பலாமரத்தில் அணில் கத்தியது. போன் மணிச்சத்தம் போட்டது.

முதல் படம் முன்சக்கரம். இரண்டாவதில் அவர்.

குனிந்தபடி, கையில் பழைய பனியன் துணி, சீட்டின் மேல். முகம் கேமரா பக்கம் திரும்பியிருந்தது. முழு முகம். சட்டையில் இரண்டு பட்டன் போடவில்லை. வாய் திறந்திருந்தது.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது.

"என்னமோ சொல்றாரு," என்றாள். "என்ன சொல்றாருன்னு தெரியலியே."

வண்டியை விற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எடுத்தது போதும், வெயிலில் நிற்காதே என்று சொல்லியிருக்கலாம். எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ ஊர்களின் குரல்களைக் கேட்டவள், அந்தத் திறந்த வாய்க்கு முன்னால் செவிடாகி உட்கார்ந்திருந்தாள்.

படம் கைக்கு வந்ததும் பேங்குக்குச் சொன்னாள். மறுநாள் போலீசில் புகார் கொடுக்கக் கிளம்பினாள். "எனக்கு வேண்டியது வந்துடுச்சு. அதுக்காக அவன் இன்னொருத்தர ஏமாத்தலாமா?" விளம்பரத்தை முதலில் பார்த்தவன் என்று கிரேன் ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் போனிலேயே எல்லோருக்கும் சொன்னதில், திரும்பி வருவதற்குள் செய்தி பிளாக் முழுக்கப் பரவிவிட்டது.

"எனக்கு வாங்காதன்னு சொல்லிட்டு, அவங்களே பணம் போட்டிருக்காங்க சார்!" என்றான் என்னிடம், சிரிப்பை அடக்க முடியாமல். "சங்கு அக்காவுக்கே சங்கு ஊதிட்டான் பாருங்க!"

நான் அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா கையைக் காட்டினாள். அதே கை. பேசாதே.

அவன் போன பிறகு சொன்னாள்: "சொல்லாத தம்பி. சொன்னா, காசு குடுத்துப் புருசன வாங்குனாளாம்னு பேசுவாங்க. நான் ஏமாந்தேன்னே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. சங்கு நேரத்துக்கு அவள் வாசலுக்கு யாரும் வரவில்லை. ஏமாந்தவளிடம் போய் ஏமாறாமல் இருக்க யார் வழி கேட்பார்கள்? சில நாட்கள் அவள் வழக்கம்போல டம்ளர்களை வரிசையாக எடுத்து வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்றை எடுத்து வைத்தாள், எனக்கு. எனக்குப் பகல் டியூட்டி இருந்த வாரங்களில் அதுவும் இருந்திருக்காது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் வந்தது. அவளும் விளம்பரம் போட்டாள். கட்டில், பீரோ, கிரைண்டர். அட்வான்ஸ் எவ்வளவு அனுப்பட்டும் என்று கேட்டவர்களை எல்லாம் திட்டினாள். "வந்து உக்காந்து பாத்துட்டுக் குடுங்க. நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" கட்டிலை நான் வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க விட்டாள். மகன் கார் வைத்துக்கொண்டு வந்தான். கிளம்பும்போது அந்த வளைந்த ஆணியைப் பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

பெங்களூர் போன பிறகு, மத்தியானங்களில் கூப்பிடுவாள். சங்குக்குக் கொஞ்சம் முன்பு. சாப்பிட்டாயா என்பாள். மகள் வந்தாளா என்பாள். பிறகு இரண்டு பேரும் சங்குக்காகக் காத்திருப்போம். அவள் பக்கம் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்கும், ஒரு ஃபேன், யாருடைய வீட்டு டிவியோ. சங்கு ஆரம்பித்ததும் நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவேன். கை வலிக்க நீட்டியபடி நிற்பேன். கீழே அவள் இருந்த வீட்டில் வேறு யாரோ வந்துவிட்டார்கள். அவர்கள் வாசலிலும் சங்கு வந்து போகும்.

சாவதற்கு முன் கடைசியாக அவள் கூப்பிட்ட அன்றும் அப்படித்தான் நீட்டினேன். சங்கு ஓய்ந்த பிறகு போனைக் காதில் வைத்தேன். அந்த அமைதியில் அவள் தலை சாய்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. வெளியே எங்காவது, தன் பக்கத்திலிருந்தும், அது ஊதுகிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சங்குதான் கேக்குது," என்றாள். "வெச்சுடு தம்பி."